கேஷுவாலிட்டியில் கேட்காமல் விடும் கேள்வி

ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் போதவில்லை என்ற தங்கள் தலையங்கம் சரிதான். ஆனால் விஷ மருந்து குடித்தவரையும் குழம்பிப் பேசுபவரையும் கேஷுவாலிட்டியில் முதலில் பார்ப்பவர் ட்ரையாஜ் மேசையில், அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் மேசையில், உள்ள ஸ்டாஃப் நர்ஸ். மனநல மருத்துவர் மறுநாள் காலையில்கூட வரலாம். அதுவரை என்ன செய்வது என்பதற்கு நர்ஸின் கையிலுள்ள படிவத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

சிவப்பு (உடனடி), மஞ்சள், பச்சை (காத்திருக்கலாம்) என்று பிரிப்பது நாடி, பிபி, மூச்சு, ஆக்சிஜன், நினைவு ஆகியவற்றை வைத்துத்தான். விபத்துக்கும் நெஞ்சுவலிக்கும் அது பொருந்தும். பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவரிடம் ஏமாற்றிவிடும். முதல் நாள் குமட்டல், வாந்திக்கு மேல் ஒன்றும் தெரியாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளிவரும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எலி பேஸ்ட்டிலும் இடையில் ஓரிரு நாள் தெளிந்ததுபோல் இருக்கும். "நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டார் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவது அந்த இடைவெளியில்தான். தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு வந்தவருக்கு, நாடி எப்படியிருந்தாலும், பச்சை தரக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கத்துகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை என்றதும் 'சைக்கியாட்ரி கேஸ்' என்று ஓரமாக உட்காரவைத்து விடுகிறார்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். பிறகு ஆக்சிஜன், காய்ச்சல், தலையில் அடி. குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டு முதல் நான்கு நாளில் கை நடுக்கமும் வியர்வையும் இல்லாததைப் பார்க்கிற குழப்பமும் வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்டு எழுதினால், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தகுந்த மருந்தும் நேரத்தோடு கிடைக்கும். இதற்குமுன் மனநோயே இல்லாத நடுத்தர வயதினர் திடீரென மாறிப் பேசினால், உடலில் காரணம் தேடாமல் வேறு வார்டுக்கு அனுப்பக் கூடாது.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பெரிய ஓட்டை. "அந்த மாதிரி எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். தற்கொலை எண்ணத்தைக் கண்டறிய அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் வகுத்த ஏ.எஸ்.க்யூ. முறையில் நான்கே கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் ஐந்தாவது கேள்வி: "இப்ப, இந்த நிமிஷம், உயிரை விடணும்னு தோணுதா?" நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. கேட்கும்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. சீட்டுப் போட்டு வரச் சொல்லி அனுப்பினால் இரண்டு நிமிடம் கிடைக்கும், அது போதும்.

ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால், தற்கொலை முயற்சிக்குக் காரணமாகப் பாதி ஊருக்குத் 'தீராத வயிற்றுவலி'! போலீஸ் கேஸ் பயம்தான் காரணம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. இதை நர்ஸ் ஒரே வாக்கியத்தில் சொன்னால் உண்மைக் காரணம் வெளியே வரும்.

கேட்டபின் கண்காணிப்பு. ஆஸ்திரேலிய ட்ரையாஜ் முறையில் மனநல நோயாளிக்கும் ஐந்து நிலை உண்டு. உயிருக்கு உறுதியான ஆபத்து என்றால் உடனடிக் கவனிப்பு, பக்கத்தில் எப்போதும் ஒருவர். அநேகமாக ஆபத்து என்றால் 10 நிமிடத்துக்குள் மருத்துவர், கண்பார்வையிலேயே படுக்கை. ஆபத்துக்கு வாய்ப்புண்டு என்றால் 30 நிமிடம், காத்திருக்கும் இடத்தில் தனியே விடக் கூடாது. நம் கூட்டத்தில் நேரக்கணக்கு அப்படியே நடக்காதுதான். ஆனாலும் நர்ஸ் மேசைக்கு நேர் எதிர்ப் படுக்கை, உள்தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. "கூட இருக்கிறவங்க பார்த்துக்கங்க" என்று விடுவதில் ஒரு சிக்கல்: சண்டை அந்த ஆளோடுதான் என்றால்? யாரை உடன் வைத்துக்கொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். அதிகம் நழுவுவது ஷிஃப்ட் மாறும் நேரத்தில். டிரிப்ஸ் எவ்வளவு மீதி என்று ஒப்படைக்கிறோம், ஐந்தாவது கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று ஒப்படைப்பதில்லை.

இரவில் மனநல மருத்துவர் இல்லாத தாலுகா மருத்துவமனைகளிலும் 14416 எனும் டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை) எண் 24 மணி நேரமும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, மறுபரிசோதனைத் தேதியையும் குறிக்க வேண்டும்.

புதிய படிவம் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற கேஸ் ஷீட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தலாம்: தனியாகக் கேட்டது ஆம்/இல்லை, சர்க்கரை அளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, உடன் இருப்பவர் யார், நர்ஸ் கையொப்பம், நேரம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைச் செவிலியர் பயிற்றுநர்கள்,
மதுரை.