அந்தத் துண்டுச் சீட்டு

என் அருமை வாயாடிக்கு,

நலம். நீயும் முட்டி வலியைத் தவிர நலமாகத்தான் இருப்பாய். தீபாவளிக்கு நீ அனுப்பிய பதினோரு நிமிடக் குரல் பதிவுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு இத்தனை நாள் கமுக்கமாக இருந்துவிட்டேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உன்னை விட்டால் சொல்ல ஆளில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அணி விவாதம் வைத்தேன். சிரிக்காதே. ஆமாம், நானேதான். அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள், சரி, பேசட்டும் என்று இறங்கிவிட்டேன். தலைப்பு: 'எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பது தொடர வேண்டும்.' 2019-இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்களே, அப்போது நீ போனில் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் மறுபடி கிளம்பியது. தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று மத்திய அரசு தன் பள்ளிகளுக்குச் சொன்னது, நம் மாநிலம் மாட்டேன் என்றது. பிள்ளைகளுக்கு இதைவிடச் சொந்தமான தலைப்பு எங்கே கிடைக்கும்?

முதல் நாள் ஒத்திகையில் வந்தது பட்டிமன்றம். 'நடுவர் அவர்களே' என்று கையை விரித்து, ஒரு குறள், ஒரு சினிமாப் பாட்டு, எதிரணிக்காரன் தலைமுடியைப் பற்றி ஒரு நக்கல். மூன்று பேரும் ஒரே சங்கதியை மூன்று தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மணிமேகலையில் முரசறைகிறவன் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்பானே, அந்தப் 'பாங்கு' என்ற ஒரு சொல்லுக்கு கல்லூரியில் நம் குடைக்காரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். நமக்கு ஞாபகமிருப்பது குடை மட்டும்தான்.

அப்புறம் உலகப் பள்ளிகள் விவாத முறையை எடுத்து என் வகுப்புக்கு ஏற்ற மாதிரி குறுக்கினேன். அங்கே அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் நான்கு நிமிடத் தொகுப்புரை. எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடப் பாடவேளை, அதில் வருகைப்பதிவே ஐந்தைத் தின்றுவிடும். ஆகவே ஆளுக்கு மூன்று, தொகுப்புரைக்கு இரண்டு. யார் எந்தப் பக்கம் என்பதற்குக் காசு சுண்டினேன். 'எனக்கு அதில் நம்பிக்கை இல்லை மிஸ்' என்று மூக்கால் அழுதவர்களிடம், நம்பாத பக்கத்துக்குப் பேசிப் பார்த்தால்தான் நம்புகிற பக்கத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும் என்றேன். (உன் வசனம்தான். காப்புரிமை கேட்காதே.)

முதல் ஆள் சொல்லுக்குப் பொருள் வகுக்க வேண்டும். 'தேர்ச்சி' என்றால் அடுத்த வகுப்புக்குப் போவதா, பாடம் தெரிந்திருப்பதா? அதை விட்டுவிட்டால் இரண்டு அணியும் வேறு வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடும். மூன்றாம் ஆளுக்குப் பெரும்பாலும் மறுப்புதான் வேலை. தொகுப்புரையில் புது வாதம் கூடவே கூடாது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா. நான் பிடிவாதமாக நின்றது தாள் விஷயத்தில். நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, எதிரணிப் பேச்சாளர் ஒருவருக்கு ஒரு பத்தி என்று மடிக்க வேண்டும். அவர்கள் சொன்னது நீல மையில், அதற்கு நம் பதில் பக்கத்திலேயே சிவப்பில். சிவப்பு விழாத நீலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோற்கப்போகிறோம். தோழிக்கு ஏதாவது தோன்றினால் கிசுகிசுக்கக் கூடாது, துண்டுச் சீட்டு நீட்டலாம்.

வியாழக்கிழமை நடந்தது. எதிர்த்துப் பேசும் அணியில் இரண்டாவதாக ஒரு பையன். கொரோனாவில் மூடிய பள்ளி 2021 நவம்பரில் அவனுக்குத் திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவதோடு நின்றுபோன எழுத்து. இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். கையில் தாள் இல்லாமல் எழுந்தான். "என்னைய ஆறாவதுலயே நிறுத்தியிருந்தா யாராச்சும் எழுத்து சொல்லிக் குடுத்திருப்பாங்க. பாஸு பாஸுனு தள்ளிவிட்டதால யாரும் என்னையப் பாக்கவே இல்ல." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

எதிர் பெஞ்சில் மூன்றாவதாகப் பேச வேண்டிய பெண்ணின் தாளில் அந்த நீல வரிக்குப் பக்கத்தில் வெறுமை. எட்டிப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவள் சீட்டை நகர்த்தினாள். இவள் படித்தாள், எழுந்தாள். "அவன் சொன்னது உண்மை. ஆனா நிறுத்தியிருந்தா மறுபடியும் அதே வகுப்பு, அதே டீச்சர். முதல் வருஷம் பாக்காதவங்க ரெண்டாவது வருஷம் பாத்திருப்பாங்கன்னு எப்படிச் சொல்றான்? எழுத்து சொல்லித்தர ஃபெயிலாக்கணுமா?"

அருமையான மறுப்புடீ. அவனை ஒரு சொல் குத்தவில்லை. அவன் வாதத்தின் கணுவில் மட்டும் கத்தி வைத்தாள். கைதட்டியிருப்பேன். ஆனால் ஆறாவதிலும் ஏழாவதிலும் அவனுக்குத் தமிழ் எடுத்தது நான். முப்பத்தெட்டு நோட்டுகளுக்கு நடுவே அவன் நோட்டிலும் 'பார்த்தேன்' என்று சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

அன்று இரவு உன் சீட்டு ஞாபகம் வந்தது. கல்லூரி விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. 'அவ சொல்ற கணக்கு நம்ம பக்கம்தான் பேசுது, அதைப் பிடி' என்று எழுதி நீட்டினாய். நான் மனப்பாடம் செய்த முடிவுரை கெட்டுவிடும் என்று அதைப் புடவைக் கொசுவத்தில் செருகிக்கொண்டு பேசினேன். நாம் தோற்றதற்கு இருபது வருடமாக மீசைக்கார நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பாவம் அந்த மனிதர். சீட்டை நான் படித்தேன். படிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். இப்போதாவது திட்டு.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை நூலக அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் கண்ணில் படாமல் வருகிறான். மெய்யும் உயிரும் தெரிகிறது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும்தான் தகராறு. உன் அண்ணன் மகளுக்கு நீ செய்த அட்டைகள் பரணில் இருந்தால் கூரியரில் போடு. இல்லையென்றால் எப்படிச் செய்தாய் என்றாவது ஒரு குரல் பதிவு அனுப்பு, இந்தத் தடவை பொம்மை வராது.

யார் ஜெயித்தது என்று கேட்பாய். இரண்டு மதிப்பெண்ணில் அவன் அணி தோற்றது. நேற்று நூலகத்தில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கேட்டான்: "மிஸ், அவ அந்த பாயிண்ட்ட சீட்டப் பாத்துத்தானே சொன்னா? மார்க்கு யாருக்கு, அவளுக்கா, எழுதிக் குடுத்தவளுக்கா?"

அணிக்குத்தான்டா என்றேன். அவனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

உன்,
முதல் பேச்சாளர்