எல்1 வேலைக்கு எதற்கு இரண்டு வருட அனுபவம்?

நெட்வொர்க் பிரிவுக்கு ஆள் எடுக்கும் மேலாளர்களுக்கு,

வணக்கம். சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் வேண்டும், கூடவே இரண்டு வருட அனுபவமும் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறீர்கள். வேலையோ நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் என்ஓசியில் எல்1, அதாவது முதல் படி. அலாரம் பார்ப்பது, டிக்கெட் போடுவது, லிங்க் விழுந்தால் இணைப்பு தரும் நிறுவனத்தை அழைப்பது. அந்த நாற்காலியில் உட்கார விடாமல் அனுபவத்தை மட்டும் கேட்டால் எப்படி?

உங்கள் தயக்கமும் புரிகிறது. 120 நிமிட சிசிஎன்ஏ தேர்வை, ‘டம்ப்’ எனும் கசிந்த கேள்வி-பதில் தொகுப்பை மனப்பாடம் செய்தே தாண்டி வருகிறவர்கள் உண்டு. அனுபவக் கடிதமும் விலைக்குக் கிடைக்கிற ஊர் இது. ஆளைச் சலிக்கப் பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச் இரண்டும், லேப்டாப் இரண்டும், லேப்டாப்பைச் சுவிட்சில் நேரடியாக மாட்டும் ஒரு கன்சோல் கேபிளும், அரை மணி நேரமும் போதும்.

கன்சோலை 9600 வேகத்தில் திறக்கிறாரா என்று பாருங்கள். பிறகு, விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10, 20 ஓடும் டிரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) 30ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். டம்ப் படித்தவர் ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30’ என்று அடிப்பார். நடுவில் ‘சேர்’ என்று பொருள்படும் ‘ஆட்’ இல்லை. பழைய பட்டியல் அழிந்து 10, 20 இரண்டும் படுத்துவிடும். தவறு செய்தால் உடனே கழித்துவிடாதீர்கள். ‘ஷோ இன்டர்ஃபேஸ் டிரங்க்’ பார்த்துத் தானே கண்டுபிடிக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்து, இரு சுவிட்சுக்கும் நடுவிலுள்ள 100 எம்பி போர்ட்டில் ஒரு முனையை 100 ஃபுல் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசும் முறை) என்று கட்டிவிட்டு, மறுமுனையை ஆட்டோவில் விடுங்கள். ஆட்டோ பக்கம் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், டூப்ளெக்ஸைப் (ஃபுல்லா ஹாஃபா என்பதை) பிடிக்காது, மாறி மாறிப் பேசும் ஹாஃபில் நின்றுவிடும். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை) போகும், ஃபைல் காப்பி நத்தையாய் ஊரும். “பிங் வருகிறது, நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது” என்பவரை அனுப்பிவிடலாம். போர்ட்டின் பிழைக் கணக்கைத் திறந்து ஹாஃப் பக்கம் லேட் கொலிஷனும் (தாமதமான மோதல்) ஃபுல் பக்கம் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த தரவு) ஏறுவதைக் காட்டுபவர், வீட்டில் பாக்கெட் டிரேசர் எனும் பயிற்சி மென்பொருளை மட்டும் வைத்துப் பழகியவராகவே இருக்கட்டும், விடாதீர்கள்.

கடைசியாக ஒரே கேள்வி: தொலைவிலுள்ள சுவிட்சில் கை வைக்கும் முன் என்ன செய்வீர்கள்? “இருப்பதை சேவ் செய்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ போடுவேன், இணைப்பு அறுந்தால் சுவிட்ச் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகிப் பழையபடி எழும். சரியாக முடிந்தால் ‘ரீலோட் கேன்சல்’ செய்துவிட்டு சேவ் செய்வேன்” என்று பதில் வந்தால், அவரை நைட் ஷிஃப்டில் நம்பி உட்கார வைக்கலாம்.

அடுத்த விளம்பரத்தில் ‘2 வருட அனுபவம்’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘செய்முறைத் தேர்வு உண்டு’ என்று போடுங்கள். டம்ப் கூட்டம் பாதி அந்த வரியைப் பார்த்தே திரும்பிவிடும்.

இப்படிக்கு,
சுவிட்சுகளோடு மாரடிக்கும் சிலர்