பழையாற்றங்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், பழையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கால்வாயில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். அப்புறம், இன்னும் வயலை விடாத சில பெரியவர்கள். வாரிய இடம் இரண்டு மாதத்தில் மறுபடி மூடிவிடுகிறது. கழிவுநீரே அதற்கு உரம். செடியை மட்டும் வாரித் தீராது என்பது இடுப்பளவு சகதியில் நின்றபோதுதான் புரிந்தது.

சுருளகோட்டுப் பக்கம் தெளிவாகப் புறப்படும் ஆறு, நாகர்கோவிலைக் கடக்கும்போது சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு மணக்குடியில் கடலுக்குப் போகிறது. சுத்திகரிக்காத நீர் ஆற்றில் விழும் வாய்கள் எங்கெங்கே என்று கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

அதைவிட எங்களை வதைப்பது ஏலாவில், அதாவது தொடர்ந்து கிடக்கும் நெல்வயல் பரப்பில், நடப்பது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம் நெல் விளைந்த ஏலா அது. தண்ணீர் வயலுக்கு வயல் பாயும். நடுவில் ஒருவர் செம்மண் அடித்து மனை போட்டால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வராது. இரண்டு வருடம் பார்ப்பார், பிறகு தரிசு போடுவார். அப்புறம் அதையே காட்டி, "தரிசுதானே, மனையாக்கலாம்" என்று அடுத்த ஆள் வருகிறார். எங்கள் கண்முன்னே நான்கு வயல்கள் இப்படித்தான் போயின. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டமே தத்தளித்ததைப் பார்த்தோமே, அந்த நீரைக் கொஞ்ச நேரம் தாங்கி நிறுத்தவும் ஏலாக்கள்தான் வேண்டும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிகவும் மகிழ்ந்தோம். ஆனால் குளத்தில் தங்கும் நாரையும் கொக்கும் மேய்வது வயலில். குளத்துக்கு மட்டும் காவல் போட்டால் அவை எதைத் தின்னும்?

எனவே, ஒரு மனைக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், அந்த ஒரு சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல் ஏலாவின் நீர்ப்போக்கு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைமடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சாக்கடை ஆற்றில் விழும் ஒவ்வொரு வாயையும் எப்போது அடைப்பீர்கள் என்று தேதி குறித்து அறிவியுங்கள்.

ஆற்றுப் புறம்போக்கை அளக்க ஒரு சர்வேயரையும் அனுப்புங்கள். பழைய எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று அறிந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. கரை வரை இன்னும் நடந்து வருகிறார். இந்தக் கும்பப்பூ அறுவடைக்கு முன்பே அனுப்புங்கள், ஐயா.

இப்படிக்கு,
பழையாற்றங்கரை விவசாயி ஒருவர்