நீ குடுத்த சுருட்டக் கல்லும் கடல் உடும்பும்

டேய் குமாரு,

நல்லா இருக்கியா, வீட்ல தங்கச்சி, புள்ளைங்க எல்லாரும் சவுக்கியமா? இங்க போச்சம்பள்ளி பக்கம் மழ தேவலாம். பெங்களூரா மாங்கா நல்லா புடிச்சிருக்கு, அம்மாவுக்குத்தான் முட்டி வலி விடவே மாட்டேங்குது.

நீ பொங்கலுக்கு வந்தப்ப எம்பையன் கையில குடுத்துட்டு போனியே அந்த சுருட்டக் கல்லு, அம்மோனைட்டு, அதான் கல்லா மாறிப்போன அந்தக் காலத்து கடல் பிராணி ஓடு, அத தலமாட்டுல வெச்சிக்கினுதான் தூங்குறான். நம்ம ஊருல ஏம்ப்பா இது கெடைக்கலன்னு ஒரே நச்சரிப்பு. நம்ம கிருஷ்ணகிரி கல்லு ஏறக்குறைய 250 கோடி வருசம் பழசுடா கண்ணு, அப்ப ஓடு, எலும்பு வெச்ச உசுரே கெடையாது, அதும்போக பூமிக்குள்ள வெந்து வெந்து வந்த பாறைன்னு சொன்னேன். உங்க அரியலூர் பக்கம்தான் கடல் இருந்த எடம். லிடெக்கர்னு ஒரு வெள்ளக்காரரு 1879லயே அங்க திருச்சி பக்கத்து பாறையில கெடச்ச இக்தியோசார் முதுகெலும்ப பத்தி எழுதியிருக்காரு, உனக்கு தெரியுமா? அந்தக் காலத்து கடல் பிராணி அது, பாக்க டால்ஃபின் மாதிரி இருக்கும், ஆனா ஊர்வன இனம், தண்ணியிலயே குட்டி போடும்.

அதுல ஆரம்பிச்சது, ஒரு மாசமா ராத்திரி உக்காந்து இதையேதான் படிக்கிறேன். இந்த கடல் பிராணிங்க எல்லாம் கெழடு தட்டி, கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி அழிஞ்சிருக்கும்னுதான் நான் நெனச்சிருந்தேன். இக்தியோசார் வேணா அப்படி முன்னாடியே, 9 கோடி வருசத்துக்கு முந்தியே போயிடுச்சி. ஆனா அதுக்கப்புறம் வந்த மோசசார் கத வேற. நம்ம கரட்டுல சின்ன வயசுல தொரத்துவமே உடும்பு, அதுக்கு சொந்தம்டா அது! கரையில இருந்த பல்லி ஒண்ணு கடலுக்குள்ள எறங்கி, காலு துடுப்பாகி, வாலு சுறா வாலு மாதிரி ஆகி, ஆரம்பத்துல மூணடி நாலடி இருந்தது கடைசியில சிலது நாப்பது அடி வரைக்கும் போயிருக்கு. மேல் அண்ணத்துலயும் ரெண்டு வரிச பல்லு, புடிச்சது தப்பவே முடியாது.

மொராக்கோவுல பாஸ்பேட் தோண்டுற எடத்துல அதுங்க கடைசி காலத்து எலும்பு கும்பல் கும்பலா கெடைக்குது. நாம தோட்டத்துக்கு போடுற டிஏபி இருக்குல்ல, அதுக்கு பாஸ்பேட் அந்த நாட்டுல இருந்தும் வருது, அத படிச்சதுல இருந்து மூட்டைய பிரிக்கும்போதெல்லாம் அந்த நெனப்புதான். அங்க ஒண்ணுக்கு பல்லு காளான் மாதிரி மொட்டையா இருக்கு, சிப்பிய நொறுக்க. ஸீனோடென்ஸ்னு சின்னது ஒண்ணு, பல்லு நெருக்கி அடுக்குன ரம்பம் மாதிரி. தலாசோடைட்டன் முப்பதடி நீளம், மத்த மோசசாரயே அடிச்சி தின்னது, அதனால பல்லெல்லாம் ஒடஞ்சி தேஞ்சி கெடக்குது, 2022லதான் அதுக்கு பேரே வெச்சாங்க. 2024ல கின்ஜாரியான்னு இன்னொண்ணு, பல்லு குத்துவாள் மாதிரி. ஒரே கடல்ல இத்தன தினுசு வாய், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சாப்பாடு. நீள கழுத்து பிளீசியோசாரும் கூடவே இருந்திருக்கு. கொறஞ்சிக்கினு போற கூட்டம் இப்படியா இருக்கும் சொல்லு? நல்லா தழைச்சி நின்ன நேரத்துலதான், 6.6 கோடி வருசம் முந்தி, மெக்சிகோ பக்கம் அந்த விண்கல்லு விழுந்துச்சி. வெயில் மறஞ்சி, கண்ணுக்கு தெரியாத கடல் பாசி செத்து, அத திங்கிற மீனு போயி, மீன திங்கிறது போயி... பெரிய வயிறுக்காரங்களுக்கு தப்பிக்க வழியே இல்ல. உன் சுருட்டக் கல்லு ஜாதியும் அப்பதான் மொத்தமா முடிஞ்சிது.

முதலையும் ஆமையும் தப்பிச்சிடுச்சி. ஆத்துல அழுகுன எல தழைய நம்பி ஓடுற சாப்பாட்டுக்கு அவ்ளோ அடி விழலன்னு சொல்றாங்க. போன வாரம் ஒகேனக்கல்ல பையன் முதலைய பாத்துக்கினு நின்னப்ப, இது தப்பிச்சிது, நம்ம உடும்புக்கு சொந்தக்காரன் போயிட்டானாப்பான்னு கேட்டான். எனக்கு தொண்ட அடச்சிடுச்சிடா குமாரு, அத்தன அழகு ஒண்ணு கூட மிச்சமில்லாம போச்சேன்னு.

மாங்கா அறுப்பு முடிஞ்ச கையோட அவன கூட்டிட்டு வரேன். எங்கள உங்க பக்கத்து காரைங்கிற ஊருல இந்த மாதிரி கல்லு கெடைக்கிற அந்த வறண்ட மேட்டுக்கு ஒருநா கூட்டிட்டு போ, நீ எந்த ஞாயித்துக்கெழம ஃப்ரீன்னு மட்டும் எழுது. தங்கச்சிக்கு ஒரு பொட்டி செந்தூரா தனியா எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லு.

உன்
செல்வம்