தரவையும் சேர்த்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே இலங்கையில் ஆளாளுக்குக் கடனைப் பற்றி ஏதாவதொரு ஆய்வைக் காட்டிப் பேசுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்த ஆய்வுகளின் கணக்கை யாராவது சரிபார்த்தார்களா?

பொருளாதார வல்லுநர்கள் ரைன்ஹார்ட், ரோகோஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள், அதை வைத்துப் பல நாடுகளில் அரசியல்வாதிகள் அரச செலவைக் குறைக்கும் சிக்கனக் கொள்கைக்கு வாதாடினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்த எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரிசைவரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது, ஆங்கில அகரவரிசையில் ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை 5 நாடுகள் காணாமல் போயிருந்தன! விடுபட்ட ஆண்டுகளையும் நாடுகளுக்குக் கொடுத்த எடையையும் சேர்த்துத் திருத்தியபோது வந்தது 2.2 சதவீதம்.

கோப்பைக் கொடுத்தார்கள், அதனால் பிழை தெரிந்தது. இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பொறியியல் ஆய்வேடு ஒன்றின் தரவைக் கேட்டேன், பின்னட்டையில் ஒட்டியிருந்த சீடியைக் காட்டினார்கள். சரி, அதைப் போட்டுப் பார்க்க இப்போது எந்த லேப்டாப்பில் சீடி டிரைவ் இருக்கிறது? கணினி, பொறியியல், பொருளாதாரம் எதுவானாலும், ஆட்களின் சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, தரவையும் நிரலையும் இணையத்தில் ஏற்றிய பிறகே பட்டம் என்று பல்கலைக்கழகங்கள் விதி போடட்டும். பெரிய செலவொன்றும் இல்லையே.

ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06