வேஷம் கட்டும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள கதிர்,

ஹாலோவீன் விருந்துக்குக் கறுப்பினக் கூடைப்பந்து வீரராக வேஷம் கட்டப் போவதாகவும், முகத்தை இன்னும் கறுப்பாக்க மை வாங்கியிருப்பதாகவும் போனில் சொன்னாய். "நாமே கறுப்புதானே, நீங்களும் கூத்தில் அரிதாரம் பூசியவர்தானே" என்று வேறு கேட்டாய். ஜெர்சி போட்டுக்கொள், பந்தைச் சுழற்றிக்கொண்டு போ. மை மட்டும் வேண்டாம்ப்பா.

கூத்தில் நாங்கள் பூசியது ராஜாவையும் அசுரனையும் மேடையேற்ற. அமெரிக்காவில் வெள்ளைக்கார நடிகர்கள் கார்க்கை எரித்து அந்தக் கரியைப் பூசிக்கொண்டது, அடிமையாகக் கிடந்தவர்களைக் கேலி செய்ய. 1830-களில் தாமஸ் ரைஸ் என்பவர் கந்தலும் கரி முகமுமாக 'ஜிம் க்ரோ' என்று ஆடிப் பாடிப் பேர் வாங்கினார். 1843-ல் நியூயார்க்கில் அது ஒரு முழு நிகழ்ச்சியாகவே வளர்ந்தது. மின்ஸ்ட்ரல் ஷோ என்பார்கள். அதில் கறுப்பன் என்றால் சோம்பேறி, திருடன், எஜமானிடம் அடிமையாக இருப்பதிலேயே சந்தோஷப்படுகிற அசடு. இப்படி ஓர் உருவத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கூட்டத்துக்கு அடிமைச் சந்தை எப்படி உறுத்தும்? அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், எங்கள் நிறத்தைத் திருடிக் காசு பார்க்கிறார்கள் என்று 1848-லேயே தன் பத்திரிகையில் கொதித்திருக்கிறார். பிற்பாடு ரயில் பெட்டி, பள்ளிக்கூடம் என்று கறுப்பரைத் தனியே ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு ஒட்டிக்கொண்டதும் 'ஜிம் க்ரோ' என்ற அந்தக் கோமாளியின் பெயர்தான்.

நாமும் கறுப்புதானே என்றாயே, பெர்ட் வில்லியம்ஸ் கதையைக் கேள். பஹாமாஸில் பிறந்த கறுப்பர், அந்தக் காலத்தின் பெரிய நகைச்சுவை நடிகர். கொஞ்சம் வெளுத்த நிறம். அதனால் அவரும் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். கறுப்பர் எப்படி இருப்பார் என்று ரசிகர்கள் மனதில் ஒரு படம் இருந்தது. உண்மையான கறுப்பரே அதற்குத் தக்கபடி முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1910-லிருந்து நியூயார்க்கின் ஆடம்பரமான ஸீக்ஃபெல்ட் மேடையில் அரங்கமே அவருக்குக் கைதட்டியது. வெளியே ஹோட்டலுக்குப் போனால் சாதாரண லிஃப்டில் ஏற விடமாட்டார்கள். நான் பார்த்ததிலேயே அதிகம் சிரிக்க வைத்தவரும் அவர்தான், அதிகம் சோகமானவரும் அவர்தான் என்று உடன் நடித்த டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் சொன்னார். நானும் மேடையில் நின்றவன் என்பதால் இந்த மனிதரை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

நீ இருக்கும் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்று ஒரு மலை இருக்கிறதே, 1915-ல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற, கறுப்பரைத் தாக்கி மிரட்டிய வெள்ளை வெறிக் கூட்டம் மறுபடி பிறந்தது அங்கேதான். அதே வருஷம் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் வெள்ளைக்காரர்கள் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் காமுகராகக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அந்தப் படம் நன்றாகவே உதவியது. இவையெல்லாம் உன் விருந்துக்கு வருகிற பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்து விஷயம். உன் மனதில் கேலி இல்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாதே.

2019-ல் சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? சீன நடிகர் ஒருவருக்கு முகத்தைக் கறுப்பாக்கி, சட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர் குத்தி நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா அன்று போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவரை விட அதிகம் கத்தியவன் நீ.

அன்புடன்,
அப்பா