அந்த நாலு பக்கத்தை மாற்றாதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பா நடத்தி இப்போது நீ நடத்தும் நாலு பக்க வாரப் பத்திரிகையை மாற்றப்போவதாகப் போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. தெருக்குழாய், ரேஷன் கடை, இரங்கல் செய்தி எல்லாவற்றையும் குறைத்துவிட்டு வீட்டுமனை, சினிமா, கல்லூரி அட்மிஷன் என்று போட்டால்தான் பத்திரிகை தாக்குப்பிடிக்கும் என்று யாரோ உனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "நம்ம ஆளுங்க காசு கொடுத்து வாங்க மாட்டாங்க அக்கா" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இதைப் பொதுவில் எழுதலாமா என்று உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு மாமா மில்லில் பெல்ட்டில் சிக்கி இறந்துபோனார். மறுநாள் ஒரு பெரிய பத்திரிகையில் இரண்டே வரி, எந்திரத்தில் சிக்கித் தொழிலாளி பலி என்று. அதிலும் பெயர் தப்பு. அந்த வாரம் உன் அப்பாவின் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அவர் பெயர், எத்தனை வருஷம் அந்த மில்லில் வேலை பார்த்தார், அன்றைக்கு எந்த ஷிப்ட், அந்த பெல்ட்டின் மூடி கழன்று எத்தனை நாளாகிறது, அதை யார் யார் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார்கள் எல்லாம் வந்தது. உன் அப்பா எங்கள் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதினார், நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தாள். பிறகு நஷ்டஈடு வழக்கு வந்தபோது அதில் இருந்த பெயர்களை வைத்துத்தான் வக்கீல் சாட்சிகளைப் பிடித்தார்.

நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்கிறாயே, அதற்கு வருகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். புதன்கிழமைதோறும் நாலே பக்கம், விலை ஒரு பைசா, பெயரும் 'ஒரு பைசாத் தமிழன்'. படிப்பும் மரியாதையும் மறுக்கப்பட்டுக் கிடந்த சனங்களுக்காக நடந்த பத்திரிகை அது. அதைக் கையில் எடுத்துக்கொண்டவர்களில் கோலார் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்காகப் பூமிக்கு அடியில் இறங்கிப் பாறையை உடைத்தவர்கள், பெரும்பாலும் வட ஆற்காடு பக்கத்திலிருந்து பிழைக்கப் போன ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். ஒரு வருஷம் கழித்துப் பெயரில் இருந்த 'ஒரு பைசா' வேண்டாம் என்று வாசகர்களே கேட்டார்கள், 'தமிழன்' என்று ஆனது. 1914ல் பண்டிதர் காலமானார். 1920களில் அதே பத்திரிகை தங்கவயலிலிருந்தே மறுபடியும் வந்தது, ஜி. அப்பாதுரையார் நடத்தினார். தம்பி, இதை நினைத்துப் பார். சுரங்கக் கூலியில் வயிறு கழுவிய சனங்கள் இருந்த ஊர்தான், நின்றுபோன பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியது. அவர்களிடம் காசு இல்லை என்று உன் கணக்குக்காரர் மாதிரி ஒருவர் அன்றைக்கும் சொல்லியிருப்பார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்குப் பத்திரிகை என்றும் கேட்டாயாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியாள் யாரும் சுலபமாக நுழைய முடியாத காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான கோ. நடேசய்யர் துணி வியாபாரி மாதிரி உள்ளே போய் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார். 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மாளும் அதில் எழுதினார், எழுதியதோடு நிற்காமல் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டி அவர்கள் முன்னால் பாடினார். கண்ணால் படிக்க முடியாவிட்டால் காதால் கேட்கட்டும், அவ்வளவுதான். நம் ஊரில் டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பதும் அப்படித்தானே நடக்கிறது? உன் அச்சடித்த எண்ணிக்கையை வைத்து வாசகரை எண்ணாதே.

இப்படி ஒரு தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனைப் பார். கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்த சிலர் 2016 நவம்பரிலேயே, பெரிய உயிர்ச்சேதம் நடந்தால்தான் நிர்வாகம் திருந்தும் என்று இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வட்டாரம் லண்டனிலேயே பணக்கார வட்டாரங்களில் ஒன்று. அங்கேயே, அந்த மாடிகளில் ஏறி இறங்கி, இவர்கள் சொல்வது உண்மையா என்று வாராவாரம் கேட்டு எழுத ஒரு நிருபர் இல்லாமல் போய்விட்டது. அதைப் படித்த அன்று எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது.

சரி, மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மாற்றியே ஆக வேண்டும், அதை உன் அப்பாவிடமும் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன். அந்தக் 'கள்ளக்காதல்' தலைப்புகளை விட்டுவிடு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பச் சண்டையை ஸ்டேஷனில் சொன்னதை அப்படியே வாங்கிப் படத்தோடு போடுகிறோம். அதே சண்டை வசதியான வீட்டில் நடந்தால் பெயர் வருகிறதா? வருவதில்லை. நம் சனங்களின் மானத்தை விற்று நம் சனங்களுக்கே பத்திரிகை நடத்த முடியாது. தற்கொலைச் செய்தியில் எப்படிச் செத்தார் என்று விலாவாரியாக எழுதுவதையும் நிறுத்து. அந்த இடம் காலியானால் உனக்கு அரைப் பக்கம் கிடைக்கும், அதில் தகவல் அறியும் சட்டத்தில் வாங்கிய பதில்களைப் போடு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். எந்தத் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கி எவ்வளவு செலவு செய்தார்கள் என்று ஒரு தெருவுக்கு ஒரு வாரம் போட்டாலே அந்தத் தெருக்காரர்கள் வாங்குவார்கள். பணத்துக்கு வருஷ சந்தா கேள், வீடு வீடாகக் கேட்க நான் வருகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். எங்கள் பகுதியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு மாசாமாசம் சம்பளத்தில் பி.எஃப் பிடிக்கிறார்கள், 12 சதவீதம். பிடித்த பணத்தை அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள் முதலாளி பங்கோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை அவர்களுடைய பாஸ்புக்கைப் போனில் எடுத்துக் காட்டினான், ஏழு மாசமாக ஒரு ரூபாய் ஏறவில்லை. பதினொரு பேர் பெயர் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன். விடியற்காலை வேலை முடித்துப் பத்து மணிக்கு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா